நேசம்மாவின் மிளகாய்க் கரண்ட்

பத்துமலை முருகன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கிள்ளானில் எங்கள் அடுக்குமாடிக் கூரையில் மின்சாரக் கம்பெனி சோலார் பலகைகளைப் போட்டது. கூரை எங்களுடையது, பலகை அவர்களுடையது. வருகிற கரண்டில் எங்கள் லிஃப்ட் ஓடும், மிச்சம் கம்பெனிக்கு. பேசிய அளவு கரண்ட் மாதக் கடைசிக்குள் வராவிட்டால் பலகைகள் எதிர் புளோக்குக்குப் போய்விடும். கமிட்டித் தலைவி ராஜினிக்கு அதே கவலை. காரணம், மேல்மாடியில் அவளோடு இருக்கும் மாமியார் நேசம்மா. முழங்கால் வலி. லிஃப்ட் இல்லாவிட்டால் கோயிலுக்குக்கூட இறங்க முடியாது.

அளவோ குறைந்துகொண்டே வந்தது. கம்பெனி இன்ஜினியர் ஷாஹுல் ஹமீது ராஜினியோடு கூரைக்கு ஏறிப் பார்த்தார். பலகை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லாவற்றின் மேலும் மோர்மிளகாய். நடுவில் குடையைப் பிடித்தபடி காக்கா விரட்டிக்கொண்டிருந்தார் நேசம்மா. மேலே ஏறுவதற்கு மட்டும் அந்த முழங்கால் தடை சொல்வதில்லை.

"ஆன்டி, இது சோலார் லா. மிளகாய் காயப்போடுற இடமில்ல."

"வெயில் எல்லாருக்கும் பொதுதானே தம்பி? நீங்கள் கரண்ட் எடுங்கோ, நான் மிளகாய் எடுக்கிறன்."

"சும்மா இருங்க மாமி," என்றாள் ராஜினி. "பலகை போனா லிஃப்டும் போயிடும். அப்புறம் உங்கள யாரு தூக்கிட்டு இறங்குறது?"

"என்ர மகன் தூக்குவான்."

"அவருக்கே இடுப்பு வலி."

நேசம்மா யோசித்தார். பிறகு மிளகாயை அள்ளினார். அதற்குப் பிறகுதான் விபரீதம். பலகைகளில் ஊறியிருந்த காரம், வெயில் பட்டதும் கரண்டோடு சேர்ந்து இறங்கியது. ஃபேன் போட்டவர்கள் தும்மினார்கள். கரண்ட் கெத்தலில் ஊற்றிய வெறும் தண்ணீர் ரசமாகக் கொதித்தது. லிஃப்ட் எரிச்சல் தாங்காமல் மேல்மாடியையும் தாண்டி, கூரையில் நின்று மூச்சு வாங்கியது. மாதம் முழுவதற்குமான கரண்ட் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிட்டது. மிச்சம் கடலோரக் காப்பார் வரை போய், அங்கே மீன்பிடிப் படகுகள் தும்மிக்கொண்டே கரை சேர்ந்தனவாம்.

ஷாஹுல் ஹமீது எங்களோடு உட்கார்ந்து, பொரித்த மிளகாயைக் கடித்துக்கொண்டு தயிர்சோறு சாப்பிட்டார். கண்ணைத் துடைத்தபடியே, ஒரு வரிசைப் பலகை காலை நேரத்தில் நேசம்மாவுக்கு என்று ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார். ராஜினி கையெழுத்துப் போட்டாள். அன்று மாலை நேசம்மா லிஃப்டில் இறங்கிக் கோயிலுக்குப் போனார்.

எங்கள் கூரையில் முதல் சோலார் பலகையைப் பொருத்த வருகிற ஏப்ரலில் ஆள் அனுப்புவதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறது.