பின் சீட்டில் இருந்த காது

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் பிறந்தது. மறைமலைநகரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் சங்க மலருக்கு, காரைத் திருட்டிலிருந்து காப்பது எப்படி என்று ஒரு பக்கம் கேட்டார்கள். எனக்குக் கார் ஓட்டவே வராது. வைத்திருப்பவர்களிடம் கேட்டு எழுதலாம் என்று கிளம்பினேன். இரண்டாம் மாடி யோகேஸ்வரி வீட்டுக்குப் போனபோது, ‘காருக்குள் எதையும் வெளியே தெரியும்படி வைக்காதீர்கள்’ என்பது வரைக்கும் எழுதியிருந்தேன். அவள் அதைப் படித்துவிட்டு, “மூடி வச்சாலும் தெரியும்ங்க” என்றாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். கட்டுரை அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

2

முதல் தொடக்கம்: ‘கடப்பாக்கத்தில் கடல் அன்று வெள்ளித் தகடு போல—’

வேண்டாம். யோகேஸ்வரி கடலைப் பார்க்கவே இல்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது: ‘அரவிந்தன் யாரையும் நம்பாதவன். கார் வாங்கிய அன்றே கியர் லாக், ஸ்டீயரிங் லாக், அலாரம்—’

அவள் கணவனைக் கேலி செய்கிற தொனி வருகிறது. அதற்கு அவன் ஆளில்லை.

மூன்றாவது: ‘அனுவுக்கு ஏழு வயது. பிறவியிலேயே காது கேளாது.’

இதையே வைத்துக்கொள்கிறேன். மூன்று வயதில் அறுவை சிகிச்சை செய்து அவள் தலைக்குள் ஒரு கருவி பொருத்தினார்கள். அதோடு பேசுவதற்கு வெளியே இன்னொரு கருவி, காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது. அதை மாட்டினால் அனுவுக்குக் குக்கர் விசில் கேட்கும், பக்கத்து வீட்டுச் சண்டை கேட்கும். கழற்றினால் ஒன்றும் இல்லை. மருத்துவமனையில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. வீட்டில் அதன் பெயர் ‘காது’.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் கடப்பாக்கம் போனார்கள். ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவருக்குப் பக்கத்தில் நிழல் பார்த்துக் காரை நிறுத்தினார்கள். அனுவுக்குத் தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும். உப்புத் தண்ணீர் பட்டால் காது கெட்டுவிடும். யோகேஸ்வரி அதைக் கழற்றி அதன் வெள்ளை டப்பாவில் வைத்து, டப்பாவைக் கைப்பைக்குள் வைத்தாள்.

“பைய டிக்கில வச்சிடு யோகு.”

“டிக்கி அடுப்பு மாதிரி கொதிக்குதுங்க. சூட்டுல அது போயிடும்.”

பின் சீட்டில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

(காலி சீட்டில் மேடாகக் கிடக்கிற துண்டு, ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று கூப்பிட்டுச் சொல்லும். இது கட்டுரையில் வர வேண்டியது. கதை நடுவே மூக்கை நுழைத்ததற்கு மன்னியுங்கள்.)

4

திரும்பி வந்தபோது பின் கண்ணாடி இல்லை. சீட்டெல்லாம் கற்கண்டு கொட்டினாற்போல் கண்ணாடித் துகள். துண்டு கீழே கிடந்தது. பை இல்லை. அலாரம் கத்தவே இல்லை. கதவைத் திறந்தால்தான் கத்தும் ரகம் அது. வந்தவன் கதவைத் தொடவில்லை. கண்ணாடியை உடைத்துக் கையை மட்டும் விட்டிருக்கிறான்.

அனு ஈரக் கவுனோடு வந்து நின்றாள். அம்மாவும் அப்பாவும் வாயை வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்தாள். எப்போதும்போல் கையை நீட்டினாள்.

“அம்மா, காது குடு.”

யோகேஸ்வரி குனிந்து துண்டை எடுத்து உதறிவிட்டு மகளின் தலையைத் துவட்டத் தொடங்கினாள். முடி காய்ந்த பிறகும் துவட்டினாள். அனு மறுபடி கையை நீட்டினாள். இந்த முறை இன்னும் உரக்க:

“காது!”

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு சண்டை தேவைப்பட்டது. ‘அப்பவே டிக்கில வையின்னு சொன்னேன்ல—’ என்று அரவிந்தனைக் கத்தவிட்டு எழுதினேன். யோகேஸ்வரியிடம் படித்துக் காட்டினேன்.

“இல்லீங்க. அவர் ஒண்ணுமே சொல்லல. புள்ள கால்ல குத்தப்போவுதுன்னு வெறுங்கையால கண்ணாடிய அள்ளிக்கினு இருந்தாரு. கையெல்லாம் ரத்தம்.”

அவ்வளவு நல்லவரா என்று கேட்டேன்.

“அன்னிக்குத்தான் சொல்லல. அடுத்த வாரம் ஃபுல்லா சொன்னாரு.”

சண்டையை அடித்துவிட்டேன். அந்த அடுத்த வாரம் இந்தக் கதைக்குள் வராது.

6

அரவிந்தன் போலீசுக்குப் போன் செய்தான், வருவதாகச் சொன்னார்கள். அதற்குள் பக்கத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஆதியம்மாள் சத்தம் கேட்டு வந்தாள்.

“இன்னாம்மே, இன்னா ஆச்சு?”

யோகேஸ்வரி மகளின் காதைத் தொட்டுக் காட்டி, திக்கித் திக்கிச் சொன்னாள்.

“அயுவாத கண்ணு. பைக்குல ரெண்டு பேரு பறந்தானுங்க, ரோட்டாண்ட பாத்தேன். டப்பு இருந்தா எடுத்துப்பானுங்க. மிச்சத்த வயியில கடாசிடுவானுங்க. வா, தேடலாம்.”

அவள் புருஷன் சிங்காரம் படகுக்காரர். கரையில் இருந்த கூட்டாளிகளுக்குப் போன் போட்டார். “நைனா, ரோட்டோட ரெண்டு பக்கமும் பாத்துகினே வாங்க. வெள்ள டப்பா ஒண்ணு. உள்ள கொயந்தயோட காது கீது.”

அந்தப் பக்கம் ஒருவன் கேட்டான்:

“இன்னாது கீது?”

“காதுடா! வந்து தேடு, அப்பால சொல்றேன்.”

வலையை அப்படியே போட்டுவிட்டு ஆட்கள் வந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகிற வழி நெடுக முள் புதர். கழியால் விலக்கி விலக்கிப் பார்த்தார்கள். பையை யோகேஸ்வரிதான் கண்டாள். ஒரு புதரின் உச்சியில், வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. பர்ஸ் இல்லை. டப்பாவும் இல்லை.

7

இங்கிருந்து இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) கிடைக்கவில்லை. புதிய கருவி வர மாதங்கள் ஆகின்றன. அனு பள்ளியில் கடைசி பெஞ்சுக்குப் போய்—

எழுத முடியவில்லை. அந்தப் பெண் மேல்மாடியில் குதிப்பது இப்போது எனக்குக் கேட்கிறது.

(ஆ) திருடன் பிடிபடுகிறான், காலில் விழுகிறான், யோகேஸ்வரி—

இதை அவளே நம்பமாட்டாள்.

நடந்தது இதுதான். “ஏ பொண்ணே! இத்தப் பாரு!” என்று ஆதியம்மாள் சற்றுத் தள்ளி ரோட்டு மதகிலிருந்து கூவினாள். மதகின் கைப்பிடிச் சுவர்மேல் வெள்ளை டப்பா இருந்தது. மூடி சரியாக மூடியிருந்தது. காற்றில் பறந்துவிடாமலிருக்க அதன்மேல் ஒரு செங்கல் துண்டு.

யோகேஸ்வரி ஓடினாள். டப்பாவைத் திறந்தாள். இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அனுவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்த அரவிந்தன், கையிலிருந்த ரத்தத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு மாட்டினான். சுற்றிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சிங்காரம் போனில் “கிட்ச்சிச்சுடா! கிட்ச்சிச்சு!” என்று அலறிக்கொண்டிருந்தார்.

அனுவின் கண்கள் ஒரு தரம் விரிந்தன. முகத்தைச் சுளித்தாள்.

“ஏம்மா எல்லாரும் இப்படிக் கத்துறாங்க?”

யோகேஸ்வரி அந்தத் தார் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்புத்தான் வந்தது. நிறுத்தவே முடியவில்லை. “இன்னொரு தடவ சொல்லு, இன்னொரு தடவ சொல்லு” என்று மகளைப் பிடித்துக் கெஞ்சினாள்.

8

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. பர்ஸ் கிடைக்கவில்லை, அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. உடைந்த ஜன்னல் வழியாகக் காற்று இரைந்துகொண்டே வர, வீடு வரைக்கும் அனு ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

கதைக்காரனான எனக்கு அந்தச் செங்கல் துண்டு போதவில்லை. யார் வைத்தது? சிங்காரத்தின் கட்சி: “திருட்டுப் பயலுக்கு அவ்ளோ மனசா? மாடு ஓட்டிக்கினு போன எவனாச்சும் எடுத்து வச்சிருப்பான்.” ஆதியம்மாளின் கட்சி: “அவன் வூட்லயும் ஒரு புள்ள கீதோ இன்னாவோ.” யோகேஸ்வரி எந்தக் கட்சியிலும் இல்லை. “யாரா இருந்தா இன்னாங்க? நல்லா இருக்கட்டும்” என்று எனக்கு டீ போட எழுந்துபோனாள்.

நான் எழுதிப் பார்த்த கடைசி வாக்கியம் இப்படி நிற்கிறது: ‘டப்பாவை மூடி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, கீழே கிடந்த செங்கல் துண்டை எடுத்து அதன்மேல் வைத்தவர்—’

மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். யாரை எழுதினாலும் எனக்குச் சம்மதம். அனு வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே.