ஒரு வண்டி மண்

"செத்தவங்களும் வாடகை கட்டணுமாப்பா?"

அத்தையின் கல்லறைக்கு இடம் விலை பேசிய நாளில் ஆறு வயது மேரன் கேட்டாள். அப்பா ஆரின் சிரிக்கவில்லை. தனக்கு இடமே வேண்டாம், மண்ணாகிப் போனால் போதும் என்றார். பல வருடம் கழித்து உடலை எரிக்காமல், புதைக்காமல் உரமண்ணாக்க வாஷிங்டன் மாநிலச் சட்டம் வழிவிட்டபோது, ஜெயித்தவர்போல மகளுக்குப் போன் செய்தார்.

ஏப்ரலில் ஆரின் இறந்தார். எரிப்பதென்றால் ஆயிரத்து இருநூறு டாலரில் முடிந்திருக்கும். மண்ணாக்க ஏழாயிரம். பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் மேரனின் சேமிப்பு அதில் பாதிகூட இல்லை.

"உரக்கடையில மூட்டை எட்டு டாலர்தாம்மா," என்றார் சித்தப்பா லைல். "உங்கப்பன் அவ்ளோ உசத்தியோ?"

"ஆமா சித்தப்பா. உசத்திதான்."

சபையில் காணிக்கை எடுத்துத் தருவதாகப் போதகர் சொன்னதையும் நன்றி சொல்லி மறுத்தாள். அப்பா யாரிடமும் கைநீட்டியதில்லை. அவருடைய பழைய பிக்கப் வண்டியை விற்க முன்வந்தாள். பக்கத்து வீட்டு வெர்னா நாலாயிரம் கொண்டுவந்து நீட்டினாள். அந்த வண்டி இரண்டாயிரத்துக்குக்கூடப் போகாது என்று மேரன் சொல்லிப் பார்த்தாள்.

"வாங்குறவ நானு. சாவியக் குடு."

மரச்சீவலும் வைக்கோலும் பரப்பிய தொட்டியில் ஆரினைக் கிடத்தினார்கள். கிழங்கு பருக்கவென்று டூலிப் வயல்களில் பூத்தலைகளைக் கொய்து தரையிலேயே விட்டுவிடுகிற பருவம் அது. நாற்பது வருடம் ஆரின் செய்த வேலை. லைல் இரண்டு வாளி நிறையப் பூத்தலைகள் அள்ளி வந்திருந்தார். அண்ணன் மார்மேல் கொட்டினார். மேரன் நிமிர்ந்து நின்றாள்.

கோடையில் மண் தயாரானது. பெரும்பாலோர் ஒரு பை எடுத்துக்கொண்டு மீதியைக் காட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். மேரன் முழுவதையும் கேட்டாள். வெர்னாவே அந்தப் பழைய வண்டியை ஓட்டிப்போய் ஏற்றி வந்தாள். இறங்கி, ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள்.

"ஆரின் மண்ணுல கால் வைக்க என் பேரிக்காய் மரத்துக்குக் குடுத்துவைக்கல," என்று சிரித்துவிட்டுப் போனாள். அந்த மரம் மூன்று வருடமாகக் காய்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெர்னா உட்பட எல்லோரும் ஆராதனைக்குப் போன பிறகு, மேரன் தள்ளுவண்டியில் மண்ணை நிரப்பிக்கொண்டு வேலியைக் கடந்து வெர்னாவின் தோட்டத்துக்குப் போனாள். மீண்டும் வந்து நிரப்பினாள். பேரிக்காய் மரத்தைச் சுற்றி மண்ணைக் கையாலேயே பரப்பி, தெரியாதபடி மேலே காய்ந்த புல்லால் மூடினாள். தூரத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. அவளும் மெல்ல முணுமுணுத்தபடி, குழாயைத் திறந்து மரத்தடிக்குத் தண்ணீர் விட்டாள்.