பால் சொன்ன எடை

1

இந்தக் கதை ஒரு கேலியில் பிறந்தது. "நேர்விகிதத்த வெச்சு ஒரு கதை எழுதேன் பாப்போம்!" என்று சிரித்தாள், கணக்கு டீச்சரான என் நாத்தனார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முதல் வரி இது: 'பத்து ஆட்கள் ஒரு நாளில் இருபது அடிச் சுவர் கட்டினால்' — அதற்குமேல் ஓடவில்லை. பத்துப் பேரும் வேலைக்கே வரவில்லை.

2

ஆட்களை அனுப்பிவிட்டு ஓர் ஏழாம் வகுப்புக்காரியைக் கூப்பிட்டேன். அவளுக்குத் தம்பி பிறந்திருந்தான், நாள் நிறையாமலே. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். அம்மாவும் அங்கேயே தங்கிவிட்டாள். சிறுவர்களை உள்ளே விடுவதில்லை. பார்க்காத தம்பிக்குக் குருவி என்று பெயர் வைத்தாள் அவள். ஒன்றரைக் கிலோ வந்தால் பெட்டியைவிட்டு எடுக்கலாம் என்றிருந்தார் டாக்டர்.

(அப்பாவை முதலில் கணக்கு வாத்தியாராக்கினேன். விட்டால் எல்லாவற்றையும் அவரே விளக்கிவிடுவார். இப்போது பேருந்து ஓட்டுகிறார்.)

3

எடை ஏறியதென்று அம்மா ஒருமுறை தொலைபேசியில் ஆசையாகச் சொன்னாள், மறுநாளே இறங்கிவிட்டது. அதிலிருந்து அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

"எடைய மட்டும் கேக்காதடி. பால் குடிக்கிறான், அது போதும்."

"எவ்ளோம்மா?"

"ஒரு வேளைக்குப் பதினஞ்சு மில்லி. இப்ப எடைக்குத் தகுந்த மாதிரிதான் பால் குடுக்கறாங்களாம்."

சரியாக ஒரு கிலோ இருந்தபோது பன்னிரண்டு மில்லி என்பது அவளுக்குத் தெரியும். மூன்று கூடியிருக்கிறது. அப்படியானால் எடையிலும் மூன்றைக் கூட்டு. மூன்று என்ன? கிலோவா? குருவி கன்றுக்குட்டி ஆகிவிடுவான். கிராமா? அதற்கா இவ்வளவு பால்? இப்படிக் கூட்டித்தான் வகுப்பில் அவள் முட்டை வாங்கியிருந்தாள்.

(இங்கே டீச்சரை நுழைக்க ஆசைப்பட்டு, 'அப்போது வாசலில்' என்று ஆரம்பித்தேன். வேண்டாம். அவளே பார்க்கட்டும்.)

4

ஒரு கிலோவுக்குப் பன்னிரண்டு. அரைக் கிலோவுக்கு ஆறு. கால் கிலோவுக்கு... மூன்று! கூடிய மூன்று மில்லி, கால் கிலோவின் பங்கு. குருவி ஒன்றேகால் கிலோ!

யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் இறங்கிவிடுமோ என்ற அம்மாவின் பயம் அவளையும் தொற்றிக்கொண்டது. தினமும் பாலை மட்டும் கேட்டாள். பதினாறு. மறுபடியும் பதினாறு. பதினேழு. ஒரு சாயங்காலம் அம்மா, "பதினெட்டு" என்றாள்.

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை.

"அம்மா, குருவி ஒன்றரைக் கிலோ ஆயிட்டானா?"

"யாருடி சொன்னா? அப்பாகிட்டகூட நான் சொல்லலையே!"

"நீதாம்மா தினமும் சொன்னே."

கணக்கை விளக்கினாள். அம்மா சிரித்தாள், பாதிச் சிரிப்பில் அழுதாள்.

"நான் ஒருத்திதான் பயந்துட்டு கெடக்கேன்னு நெனச்சேன்டி."

"நானும் கூடவேதாம்மா இருந்தேன்."

"நாளைக்குக் காலைல பாத்துட்டு சொல்றேன்னாரு டாக்டர். மூச்சும் சீரா இருக்கணுமாம்."

5

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் அம்மா குருவியை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். இன்னொன்றில், 'இன்னும் ரெண்டு நாள் போகட்டும்' என்கிறார் டாக்டர். பாலைக் கொண்டு எடையைச் சொல்லிவிடலாம். மூச்சைச் சொல்லும் விகிதம் எதுவும் என்னிடம் இல்லை. இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

விடிந்துவிட்டது. அப்பா பேருந்தை எடுக்கப் போய்விட்டார். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், அவளுடைய இரண்டு கையும் பின்னலில் மாட்டியிருக்கின்றன. தொலைபேசி அடிக்கிறது.

பக்கத்தில்தானே இருக்கிறீர்கள்? கொஞ்சம் எடுத்து அவள் காதில் வையுங்கள்.