விறகுக்குப் போட்ட கட்டில்

கொல்லையில் விறகுக் கட்டைகளுக்கு நடுவே வெள்ளையாகத் தொங்கியதைப் பாலித்தீன் தாள் என்று நினைத்துத்தான் பஸ் டிரைவர் இழுத்தார். கையோடு வந்தது முழு நீளப் பாம்புச் சட்டை. அதைப் போட்டுவிட்டு எப்படி அடுப்படிக்குள் வந்து விழுந்தார் என்பது அவருக்கே தெரியாது.

முப்பது வருடம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். அவருக்கும் தையல்காரம்மாவுக்கும் கல்யாணமாகி நான்கு மாதம்தான், இருவருக்குமே இரண்டாவது. ஐம்பது வயதுக்கு மேல் கட்டிக்கொண்டவளிடம், பாம்பென்றால் தொடை நடுங்கும் என்று எந்த வாயால் சொல்வது? ஒரு வாரமாக விறகெடுக்கப் போகும்போதெல்லாம் இருமினார், காலைத் தரையில் தட்டினார், தெரிந்த பாட்டையெல்லாம் உரக்கப் பாடினார். அதுவும் போதாதென்று ஞாயிற்றுக்கிழமை காலையில் குவியலைச் சுற்றி ஒரு பாட்டில் பினாயிலைக் கவிழ்த்தார்.

"பினாயிலுக்கெல்லாம் பாம்பு போயிடுமா? வேணும்னா ரெண்டு தும்மல் போடும்."

பின்னால் தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு நின்றாள். அவர் அசடு வழிந்தார்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"நீங்க பாட ஆரம்பிச்ச அன்னிக்கே தெரியும். சந்தோஷத்துல பாடுற குரலா அது?"

கீழே சிந்திக் கிடந்த கோழித்தீவனத்தைக் காட்டினாள். "இதுக்கு எலி வருது, எலிக்காக அது வருது. கட்டையும் சுவரோட ஒட்டித் தரையில கிடக்கு. ஒரு முழம் தூக்கி வச்சுட்டா ஒளிய இடமில்ல."

"எதுமேல தூக்கி வைக்கிறது?"

அவள் நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"உள்ரூம்ல அந்த இரும்புக் கட்டில் இருக்குல்ல."

அவளுடைய முதல் கணவர் கடைசி இரண்டு வருடம் படுத்திருந்த கட்டில். அதற்குப் பிறகு அதில் யாரும் படுத்ததில்லை; துவைத்த துணிகூட அதன்மேல் விழாது. டிரைவர் அதைச் சுற்றிக்கொண்டு நடப்பார். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"வேண்டாம்மா. நாலு செங்கல் வாங்கிப் போட்டுக்கலாம்."

"பாம்புன்னா அவருக்கும் பயம்தான். ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார். அந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தார்.

தீவனத்தைக் கூட்டி அள்ளி, சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளிக் கட்டிலைப் போட்டார்கள். ஒவ்வொரு கட்டையையும் கம்பியால் புரட்டிப் பார்த்துவிட்டே எடுத்துக் கட்டிலின் மேல் அடுக்கினார்கள். அடிக்கட்டைக்குக் கீழிருந்து ஒரு தேரை குதித்தபோது டிரைவர் கம்பியை எறிந்துவிட்டு அவள் தோளைப் பற்றிக்கொண்டார். அவள் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தோளிலிருந்து கையை எடுக்க மறந்துபோனார்.

வெயில் ஏறியிருந்தது. கட்டிலின் கீழே, பெருக்கிய மண்ணில் அடுக்கிய விறகின் இடுக்குகள் வழியே வெளிச்சம் வரிவரியாக விழுந்திருந்தது. ஒரு சருகு காற்றில் உருண்டு இந்தப் பக்கம் நுழைந்து, அந்தப் பக்கமாக வெளியே போனது.