இடது கால் செருப்பு

ஷைனி தைத்த முதல் பர்ஸ் கோணலாக வந்தது. தையல் ஒரு ஓரத்தில் ஒழுங்காகப் புறப்பட்டு, நடுவில் வயிற்றைத் தள்ளி, மறு ஓரத்துக்குப் போய்ச் சேரும்போது கண்டபடி உள்ளே இறங்கியிருந்தது. ஏடிஎம் கார்டு உள்ளே போனது. வெளியே எடுக்கப் பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அவளுக்கு வேலை தேர்வாய் கண்டிகையில், மருந்துப் புட்டிகளுக்கு மூடி செய்யும் கம்பெனியின் லேபில். வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு நாள் முழுக்க மூடியின் விட்டத்தை அளந்துகொண்டிருந்தாள். ஒரு மூடி தப்பாக வந்தால் மொத்தப் பெட்டியும் திரும்பிவிடும். தப்பாக வந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு வேலை கையில் இருப்பது அவளுக்குப் புதிது.

அதை ஆரம்பித்து வைத்தவள் பக்கத்து நாற்காலித் திலகவதி. பெரியபாளையம் பக்கத்தில் நெல் வயல் வைத்திருக்கும் குடும்பம். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் தோல் பை தைக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு, நாமும் செய்யலாம் என்று ஆன்லைனில் ஒரு பெட்டியை வரவழைத்தாள். செலவு இருவருக்கும் பாதிப் பாதி. அதில் ஒரு குத்தூசி, முள்கரண்டி மாதிரிப் பல் வைத்த உளி, மெழுகு தடவிய நூல், மொண்ணை ஊசிகள், உள்ளங்கை அகலத்தில் தோல் துண்டுகள். இருவரும் ஒரே நாளில், சாப்பாட்டு அறையின் ஒரே மேஜையில்தான் அதைப் பிரித்தார்கள். ஒரு நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்றும் அந்தப் பக்கமிருந்து ஒன்றும் விட வேண்டும். எதை முதலில் விடுவது என்று இருவருமே குழம்பினார்கள். இருவர் விரலிலும் ரத்தம் வந்தது.

திலகவதி தைத்த சில்லறைப் பை லேப் வாட்ஸ்அப் குழுவில் ஏறியது. ஷைனியின் பர்ஸைவிட அது இன்னும் கோணல். ஆனாலும் இதயங்கள் குவிந்தன. என்ன திறமை, என்ன பொறுமை என்றார்கள். மறுநாள் ஷைனியின் பர்ஸையும் திலகவதியே படம் எடுத்துப் போட்டாள். ஷைனி தானாகப் போடுகிற ஆள் இல்லை. முதல் பதில் ஷிப்ட் சூப்பர்வைசர் பரசுராமனிடமிருந்து வந்தது. "கேக்கணுமா? கைவந்த கலையாச்சே."

அதன் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். திரை தானாக அணையும்வரை ஷைனி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே திலகவதி தான் பாழாக்கிய ஒரு பெல்ட்டை அவள் மடியில் போட்டு, சரி செய்து தரச் சொன்னாள். நானும் உன்னோடு சேர்ந்துதானே ஆரம்பித்தேன் என்று ஷைனி சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு கத்துக்கினாதான்டி வரும். உனக்கு ரத்தத்துலயே இருக்கும்" என்றாள் திலகவதி. "பாராட்டித்தானே சொல்றேன். மூஞ்சிய ஏன் அப்டி வெச்சிக்கினு கீற?"

ரத்தத்தில் என்னென்ன இருக்கும் என்று ஷைனி பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். உளி பிடிக்கும் முறை அதில் இல்லை. ஒன்றுமே தெரியாத ஒருத்தியாக, எல்லோரையும் போல முதலிலிருந்து ஆரம்பிக்க ஆசைப்பட்டுத்தான் அவள் அதைக் கையில் எடுத்தாள். அந்த ஒன்றைத்தான் அவளுக்குத் தர மறுத்தார்கள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அவள் அப்பா ஆசீர்வாதம் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர். கவரைப்பேட்டையில் தளம் போட்ட இந்தச் சின்ன வீட்டைக் கட்டியதும் அந்தச் சம்பளத்தில்தான். ஒரு சாயங்காலம் உள்ளே நுழைந்தவர் வாசனையை வைத்தே கண்டுபிடித்து, கட்டிலுக்கு அடியிலிருந்து தோல் துண்டுகளை இழுத்துப் போட்டார்.

"மாடு செத்துப் போச்சின்னு ஆள் வந்தா, எங்கப்பன் தின்னுக்கினு கீற சோத்த அப்டியே வெச்சிட்டு ஓடுவாரு, இழுத்துப் போட. அந்த நாத்தம் போவட்டும்னுதான் உன்ன படிக்க வெச்சேன்."

இது பொழுதுபோக்கு, வெளிநாட்டில் படித்தவர்களெல்லாம் செய்கிறார்கள் என்று ஷைனி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவன் கைல இருந்தா பொழுதுபோக்கு. உன் கைல பாத்தா நாளைக்கே செருப்ப கொண்ணாந்து போடுவானுங்க."

இந்தக் காலத்தில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்றாள். அவள் அதை நம்பவும் செய்தாள். அவர் துண்டுகளைக் காலால் வாசலுக்குத் தள்ளினார். ஷைனி பொறுக்கிக்கொண்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குப் போனாள். அன்று முதல் அங்கேதான் தைத்தாள்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு மத்தியானம் பரசுராமன் லேபுக்குள் வந்தார். கையிலிருந்த பிளாஸ்டிக் பையை, மூடி அளக்கும் கருவிக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே அவருடைய இடது கால் செருப்பு. ஒரே தோலில் வெட்டிய அடிப்பாகம், மேலே அகலப் பட்டை. பட்டை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. செருப்பில் இருந்த சேற்றைக்கூடக் கழுவியிருக்கவில்லை.

"நேரம் கெடச்சா ஒரு தையல் போட்டுடும்மா. வெளிய குடுத்தா ஒரே பேஜாரு" என்றார். அவர் முகத்தில் கோபமில்லை. கடைக்குப் போகிறவளிடம் ஒரு பாக்கெட் பால் சேர்த்து வாங்கி வரச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

லேபில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். திலகவதிதான் முதலில் சிரித்தாள். ஷைனியின் வாயிலிருந்து வந்தது "சரி சார்" என்பது மட்டும். வீடு வரும்வரை கம்பெனி பஸ்ஸில் அந்த இரண்டு சொல்லும் அவளை அரித்தன. செருப்பைவிட, அப்பா சொன்னது பலித்ததுதான் அதிகம் வலித்தது.

பையை அவள் ஒளிக்கவில்லை. ஆசீர்வாதம் அதைப் பிரித்துப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். அம்மா மேரி, அதைக் கொண்டுபோய் ரயில் பாதையில் வீசச் சொல்லி அழுதாள்.

வெயில் இருக்கும்போதே ஷைனி மாடிக்கு ஏறினாள். ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தாள். கடைசித் துளையில் உளியின் முதல் பல்லை மறுபடி வைத்து அடித்தால் இடைவெளி மாறாது என்பது பல துண்டுகளை வீணாக்கியபின் அவளுக்குப் பிடிபட்டிருந்தது. அடித்தோல் தடிமனாக இருந்த இடங்களில் குத்தூசியை உள்ளங்கையால் அழுத்தினாள். உள்ளங்கை கொப்பளித்தது. பிய்ந்த இடம் தைத்து முடிந்தது. அவள் நிறுத்தவில்லை. வளைந்து நின்ற பட்டையை அடித்தோலோடு தட்டையாக அழுத்திப் பிடித்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தைத்துக்கொண்டே போனாள். திரும்பி இன்னொரு வரிசையும் போட்டாள்.

வெளிச்சம் போவதற்குள் முடிந்துவிட்டது. அவள் தைத்ததிலேயே நேராக வந்த முதல் தையல் அது. இடையில் ஒரு விரல்கூட நுழையாது.

மறுநாள் ஷிப்ட் முடியும் நேரத்தில் எல்லோர் முன்னாலும் பையை நீட்டினாள். பரசுராமன் கம்பெனி ஷூவைக் கழற்றிவிட்டு, செருப்பைத் தரையில் போட்டுக் காலை நுழைத்தார். போகவில்லை. விரல்களை மடக்கி மறுபடி தள்ளினார். பிறகு குனிந்து கையில் எடுத்தார்.

"இன்னாம்மா இது?"

"இப்பதான் சார் கத்துக்கினு கீறேன்." அவள் அவர் காலைப் பார்த்தாள். "வலது காலும் குடுங்க. பழகிக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. பரசுராமன் காது சிவக்க, ஷூவையே மறுபடி மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரமே ஷைனியை லேபிலிருந்து எடுத்து, தகரக் கூரை போட்ட குடோனில் பெட்டி எண்ணுகிற இடத்துக்கு மாற்றினார்கள். காரணம் கேட்டதற்கு ஆள் பற்றாக்குறை என்றார்கள். பெரிய மனுஷனை இப்படிப் பண்ணிவிட்டாயே, உனக்குத் திமிர்டி என்றாள் திலகவதி. ஆன்லைனில் வாங்கிய பெட்டி தன் பேரில் வந்தது என்று உளியையும் குத்தூசியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாதிக் காசு தன்னுடையது என்று ஷைனி சொல்லவில்லை. காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

விஷயத்தைக் கேட்ட ஆசீர்வாதம் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"செருப்புக்குள்ள கால் போச்சா?"

"போகல நைனா."

சிரிப்பார் என்று ஒரு நொடி நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. "இனிமே உன்ன சும்மா உடமாட்டானுங்க" என்றார். சாப்பிட்டு எழும்போது, "அந்தத் தோல் வேல ஊட்டுக்குள்ள வரக்கூடாது. மாடியோட நிக்கட்டும்" என்றார்.

வார லீவில் ஷைனி சென்னைக்கு ரயில் ஏறினாள். சென்ட்ரலில் இறங்கிப் பெரியமேட்டுக்கு நடந்தாள். தோல் கடைகளில் ஒன்றில் உளி வேண்டும் என்று கேட்டாள். கடைக்காரர் போனிலிருந்து முகத்தை எடுக்காமலே, யாருக்கு என்றார். எனக்குத்தான் என்றாள். அவர் ஒரு கழிவுத் துண்டையும் உளியையும் சுத்தியலையும் அவள் பக்கம் தள்ளி, அடித்துக் காட்டச் சொன்னார். அவள் அடித்தாள்.

அவர் உச்சுக் கொட்டினார். "சாய்ச்சிப் புடிச்சிருக்கியேம்மா, அது இன்னா பேனாவா? இப்டி அடிச்சா பல்லு ஒடஞ்சி பூடும். அப்பறம் நீ என்கிட்டதான் சண்டைக்கு வருவ. புதுசா?"

"புதுசுதாங்க."

"அதான் பாத்தாலே தெரியுதே" என்று சிடுசிடுத்தார்.

ஷைனி உளியை நிமிர்த்திப் பிடித்து, மறுபடி அடித்தாள்.