காப்புக் கட்டிய வாரம்

மதுசனுக்கு என் மேல் காதல் என்பது இலங்கை முழுக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு சிங்கள டிவி நடனப் போட்டியில், ஆட்டம் முடிந்ததும் கையில் ரோஜாவோடு என் முன்னால் மண்டியிட்டு அதைச் சொல்லுவான். ஜட்ஜுகள் கண்ணைத் துடைப்பார்கள், சனம் விசிலடிக்கும். திங்கட்கிழமை தோட்டத்துக் கடையில் யாராவது "என்னப்பா, கல்யாணம் எப்போ?" என்று கேட்டால், "அட, அது ஷோவுக்குங்க" என்று பல்லைக் காட்டிவிட்டுப் பருப்பை வாங்கிக்கொண்டு போய்விடுவான். பக்கத்திலேயே நான் நிற்பேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் அது ஷோவுக்கு இல்லை. டிவிக்காரர்கள் எங்களைக் கண்ணால் பார்ப்பதற்கு வெகு முன்பே நாங்கள் காதலிக்கத் தொடங்கிவிட்டோம்.

என் பெயர் சரோன். தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள றப்பர் தோட்டத்தில், கீழ்க்கணக்கு என்கிற கீழ்ப் பிரிவில் எங்கள் வீடு. மேற்கணக்கு லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் மதுசனும் அவன் அம்மாவும். எங்கள் இரண்டு பேருக்கும் நடனம்தான் தொழில். அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி வரைக்கும் கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளை பெண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டு போகிற ஜோடி நாங்கள்தான். நாங்கள் போட்ட ஒரு வீடியோ போன் போனாக ஓடியதில் டிவிக்காரர்கள் கூப்பிட்டார்கள், "காதல் ஜோடி" என்று பட்டமும் கொடுத்தார்கள். "நல்லதாப் போச்சு, இனி ஊர் முன்னாடியே கையப் பிடிச்சுக்கிட்டு நடக்கலாம், நடிப்புன்னு நெனச்சுக்குவாங்க" என்று மதுசன் குதித்தான். எனக்கும் முதலில் குஷியாகத்தான் இருந்தது. போகப் போகக் கசந்தது.

அவன் பயமெல்லாம் அவன் அம்மா கிருஷ்ணகுமாரியிடம்தான். புருஷன் போன பிறகு றப்பர் பால் வெட்டியே மகனை வளர்த்த மனுஷி. வாயைத் திறந்தால் லயமே அதிரும். "வேதக்காரப் புள்ளைய மட்டும் கூட்டிக்கிட்டு வந்துறாத" என்று எப்போதோ ஒரு நாள் சோறு போட்டபடி சொன்னாராம். நாங்கள் கிறிஸ்தவர்கள். அதைப் பிடித்துக்கொண்டு இவன் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படியில்லை. என் அப்பா பாக்கியநாதன் விஷயத்தைக் கேட்டதும், "பையன் ஒழுங்கா? அப்ப சரி" என்று பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

போட்டி நடுவில் ஒத்திகை ஒன்றில் அவன் தோளிலிருந்து இறங்கும்போது என் முழங்கால் பிசகியது. பலாப்பழம் மாதிரி வீங்கிவிட்டது. "ஆட்டத்த மறந்துருங்க, மாசக்கணக்காகும்" என்று அவிசாவளை டொக்டர் கையை விரித்தார். பிழைப்பே போச்சு என்று ஒப்பாரி வைத்தேன். மதுசன்தான் ஓட்டோ பிடித்து என்னை முறிவு வைத்தியரிடம் கூட்டிப்போவான், எண்ணெய்க் கட்டுப் போடும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பான், திரும்பக் கொண்டுவந்து விடுவான். யாரும் நினைக்காத வேகத்தில் கால் சரியாகிவிட்டது. எண்ணெய் வேலை செய்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்படியே பைனலுக்கும் வந்துவிட்டோம். நிகழ்ச்சியைக் கவனிக்கும் நப்லா என்ற பிள்ளை ஒரு நாள் எங்களைத் தனியே கூப்பிட்டாள். "பைனல்ல ரோஜா இல்ல. மதுசன் நெஜமாவே மோதிரம் போடுற சீன் ஒண்டு வெச்சிருக்கோம். நாடே அழும், பாருங்க" என்றாள். மதுசன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன், "அம்மாகிட்ட எப்ப சொல்லப்போற?"

"பைனல்ல மோதிரத்தப் போட்டுட்டா அம்மா டிவில பாத்துருவாங்கல்ல? அப்புறம் என்ன பேச முடியும்?"

"ஒங்கம்மாவுக்கு நான் டிவி நியூஸாடா?"

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். "நாடே பாக்க சொல்லுவ. ஒன்னோட தோட்டத்துல, கேமரா இல்லாம, ஒரே ஒரு தடவ சொல்லு. அதுக்கப்புறம் மோதிரம். இல்லையா, பைனலோட எல்லாம் முடிஞ்சுது. ஆட்டமும் இல்ல, நீயும் இல்ல." சும்மா மிரட்டலுக்காகச் சொல்லவில்லை. அவன் ஜன்னலுக்கு வெளியே றப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பைனல் கோயில் திருவிழாவுக்குப் பிறகு என்றுதான் முதலில் சொல்லியிருந்தார்கள். டிவிக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, திடீரென்று ஒரு வாரம் முன்னால் இழுத்துவிட்டார்கள். சனிக்கிழமை தீச்சட்டி, ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு என்பது திருவிழா; பைனலும் அதே ஞாயிற்றுக்கிழமை. அது பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதுசன் வீடியோ கோலில் வந்து கையைத் தூக்கிக் காட்டியபோதுதான் தோன்றியது. மணிக்கட்டில் மஞ்சள் துண்டு முடிந்த கயிறு. தீச்சட்டி எடுக்கக் காப்புக் கட்டியிருந்தான்.

காப்புக் கட்டினால் என்ன என்று தோட்டத்துப் பிள்ளையான எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மஞ்சள் நீராட்டு முடிந்து கயிற்றை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. கோயிலிலேதான் படுக்கை. பெண் வாடையே ஆகாது, விரல் நுனிகூடப் படக் கூடாது. இவன் எப்படிக் கொழும்புக்கு வந்து என்னைத் தோளில் தூக்குவான்?

"டேய், ஒனக்குப் பைத்தியமா? நாளன்னிக்குப் பைனல்!"

"தெரியும்."

"யாருக்குடா நேர்த்தி?"

"எடுக்கிறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாது, சரோன்."

"அடுத்த வருசம் எடுத்தா அம்மன் கோவிச்சுக்குமா?"

"இந்த வருசம்னு சொல்லித்தான் கும்பிட்டேன். வேற என்ன செய்யச் சொல்ற?"

"ஒன்ன நம்பி ஆட வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்!" என்று கத்திவிட்டுப் போனைக் கட்டிலில் வீசினேன். அன்றைக்கு நான் அழுத அழுகை சொல்லி முடியாது. அம்மாவிடம் சொல்லவும் தைரியமில்லை, மோதிரம் போடவும் தைரியமில்லை, அதனால் அம்மன் பின்னால் போய் ஒளிந்துகொண்டான் கோழைப்பயல் என்றுதான் நினைத்தேன். யாருக்கு நேர்த்தியாம்? அம்மாவுக்குத்தான் இருக்கும். வேறு யார் இருக்கிறார்கள் அவனுக்கு?

நப்லாவிடம் சொன்னதும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டது போனிலேயே தெரிந்தது. பிறகு, "இன்னொரு டான்ஸர் ரெடியா ஈக்காரு. ஸ்டெப் எல்லாம் பாடம். நாளைக்கு அந்திக்குள்ள ஓம்னு சொல்லுங்க" என்றாள். மோதிரம் யார் போடுவது என்று கேட்டேன். "அத அப்புறம் பாத்துக்குவோம்" என்றாள். அந்த வேதனையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை அவிசாவளையில் உடுப்புத் தைக்கிற இடத்துக்குப் போய்வந்தேன். பஸ்ஸில் ஒரு சிங்களப் பள்ளிப் பிள்ளை என்னை அடையாளம் கண்டு, "அக்கே, அய்யா கோ?" என்றாள். அண்ணன் எங்கே என்று கேட்கிறாள். எல்லோருக்கும் அவன்தான் வேண்டும். சிரித்துக்கொண்டே செல்பிக்கு நின்றேன். இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே மேற்கணக்குக்கு ஏறினேன். நப்லாவுக்குச் சம்மதம் சொல்வதற்கு முன்னால் அவன் மூஞ்சிக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஓடைக்கரையில் பறை முழங்கிக்கொண்டிருந்தது. தீச்சட்டி எடுப்பவர்கள் மஞ்சள் உடுப்பில் வரிசையாக நின்றார்கள். மழை விட்டிருந்தும் மரங்கள் சொட்டின. நல்ல கூட்டம். என்னைப் பார்த்ததும் சில பெடியன்கள் போனைத் தூக்கினார்கள். நான் முறைத்த முறையில் இறக்கிவிட்டார்கள்.

எங்கள் தோட்டத்துக் கோயிலில், சட்டியைக் கையில் வாங்குமுன் நேர்த்தி யாருக்கு என்று பூசாரி மைக்கில் கேட்பார். பேரும் நட்சத்திரமும் சொல்ல வேண்டும். லவுட்ஸ்பீக்கர் இரண்டு கணக்குக்கும் கேட்கும். சொல்ல விருப்பமில்லாதவர்கள் தங்கள் பெயரையே சொல்லிச் சமாளித்துவிடுவதும் உண்டு, அதை யாரும் குறை சொல்வதில்லை. பூசாரி செல்லையா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். மகளுக்கு, பேரனுக்கு, வெளிநாட்டில் இருக்கும் புருஷனுக்கு. மதுசன் முறை வந்தது. அவனுக்குப் பக்கத்தில் அவன் அம்மா வேப்பிலைக் கொத்தோடு நின்றிருந்தார்.

"யாருக்கு நேர்த்தி?"

மதுசன் என்னைப் பார்க்கவில்லை. நான் வந்ததே அவனுக்குத் தெரியாது. தரையைப் பார்த்தபடி, ஆனால் மைக்குக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னான்.

"சரோனுக்கு. பாக்கியநாதன் மக. முழங்கால் நல்லாகணும்னு வேண்டிக்கிட்டேன். நல்லாயிருச்சு."

பறை நின்றுபோனது. அடப்பாவி! கால் நல்லானால் இந்த வருடமே தீச்சட்டி எடுப்பதாக அன்றைக்கே வேண்டியிருக்கிறான். கால் நல்லாகி நான் பைனலுக்கு வந்தேன், அதே கால் அவனை வராமல் கட்டிப்போட்டுவிட்டது. வேண்டிக்கொள்ளுமுன் ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால் என்ன? ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் முடியாது, அறையவும் முடியாது.

செல்லையாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "நட்சத்திரம்?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"தெரியாதுங்க. அவங்க வீட்டுல பாக்கிறதில்ல."

எல்லோரும் கிருஷ்ணகுமாரியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இப்போது லயம் அதிரப்போகிறது என்று நினைத்தேன். அவர் மகனைப் பார்த்து, மைக்கே தேவையில்லாத குரலில், "ஏண்டா, நடிப்பு எது நெசம் எதுன்னு பெத்தவளுக்குத் தெரியாதா? நீயா வந்து சொல்லுவ, சொல்லுவன்னு எத்தன நாளா வாய மூடிக்கிட்டு இருந்தேன். பெத்தவளுக்கு மைக்குலயா சொல்லுவ?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அப்புறம் பூசாரி பக்கம் திரும்பினார். "எனக்குப் புடிக்குதா புடிக்கலையா, அது வீட்டுல பேச வேண்டிய பேச்சு. அம்மன் முன்னாடி பேரச் சொல்லிட்டான். எங்க வீட்டு நட்சத்திரத்துலயே சொல்லுங்க, என்னோடதுல. ரோகிணி."

ரோகிணி நட்சத்திரம், சரோன் நாமதேயம் என்று லவுட்ஸ்பீக்கர் தோட்டம் முழுக்கச் சொன்னது. கீழ்க்கணக்கில் என் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாராம்.

அப்போது பார்த்து என் போன் அடித்தது. நப்லா. கூட்டத்தை விட்டு விலகிப் போய் எடுத்தேன். "அந்த ஆளு வேணாம். நான் மட்டும் வர்றேன், தனியாவே ஆடுறேன்" என்றேன்.

"தனியா ஆடினா ஓட்டு விழாது, சரோன். தோத்துருவீங்க. மதுசன் ஏன் வரல்லன்னு சனம் கேட்டா என்ன சொல்றது?"

"ஊர்ல வேலைன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதீங்க."

அப்படியே தோற்கத்தான் செய்தேன், அதில் எனக்கு வருத்தமும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கப்புக்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஊர்வலம் மேற்கணக்கு லயத்துக்கு வந்தது. தீச்சட்டிக்காரர்கள் வருகிறபோது வாசலில் நின்று காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிருஷ்ணகுமாரி முன்னாலேயே வந்து குடங்களை எடுத்து வைத்திருந்தார். நான் தெரு ஓரமாக ஒதுங்கி நின்றேன். அவர் என்னைக் கண்டார். ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் திணித்தார்.

மதுசன் என் முன்னால் வந்து நின்றான். அப்போதுதான் என்னைப் பார்த்தான். சட்டிச் சூட்டில் முகமெல்லாம் வியர்வை, உதடு துடித்தது. நாடு பார்க்க எத்தனையோ தடவை கட்டிப்பிடித்தவர்கள் நாங்கள். இப்போது ஒரு முழ தூரத்தில், தொடாமல், இவன் என்னுடையவன் என்று முதல்முறையாக எனக்கு நிச்சயம் வந்தது. குனிந்து அவன் காலில் தண்ணீர் ஊற்றினேன். கண்ணீரும் கூடவே விழுந்தது, அதைத் தடுக்க முடியவில்லை.

"அப்பிடிக் குனியாத, முழங்கால் வலிக்கப் போகுது" என்றார் கிருஷ்ணகுமாரி பின்னாலிருந்து.

"வலிக்கல, அத்த" என்றேன்.

அப்படி நான் அவரைக் கூப்பிட்டதில்லை. லயத்துச் சனம் மொத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அடுத்த குடத்தை எடுத்து நீட்டினார்.