ஆறு வாரக் கெடு

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியில் அவனுக்குக் ‘கிரேன்’ என்றுதான் பேர். ஒற்றை ஆளாக ஃபிரிட்ஜை முதுகில் சுமந்து நான்கு மாடி ஏறியவன். ரத்தத்தில் கிருமி கலந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று வாரம் கிடந்து வீடு திரும்பியபோது, அவன் தொடை மனைவியின் இரண்டு கைப்பிடிக்குள் அடங்கியது.

“கிரேனைக் கழட்டி வித்துட்டாங்கடி” என்று அவனே சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மருத்துவமனையில் உணவு ஆலோசகர் பொறுமையாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். “காலையில ஒரு முட்டை, மதியம் உள்ளங்கை அளவு மீனோ கோழியோ, ராத்திரி பருப்பும் கொஞ்சம் தயிரும். அதுக்கு மேல வேண்டாம். கிட்னி பாதிதான் வேலை செய்யுது. டப்பாவுல விக்கிற புரோட்டீன் பவுடர் பக்கமே போயிடாதீங்க.”

“சதை எப்போ திரும்ப வரும்?” என்று அவன் கேட்டான்.

“ஒரு வருஷம்கூட ஆகலாம்.”

ஆனால் கம்பெனி மேஸ்திரி போனில் கொடுத்த கெடு ஆறே வாரம். “அதுக்குள்ள வந்து பழையபடி தூக்கிக் காட்டு. உன் இடம் உனக்குத்தான்.”

அவள் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவள். தினமும் சொன்ன அளவு பிசகாமல் சமைத்து மூடிவைத்துவிட்டுப் போவாள். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகினான். மூன்றாவது வாரம் கம்பியைப் பிடிக்காமலே எழுந்தான். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான்காவது வாரம் முகம் உப்பியது, கால்களும் பருத்தன.

“பாத்தியா, சதை போட்டுடுச்சு!”

அவளும் நம்பித்தான் அவன் கணுக்காலைத் தொட்டாள். விரல் அழுத்திய இடம் குழியாகவே நின்றது. அது சதையில்லை, நீர். தனக்குத் தெரியாமல் எதையோ சாப்பிட்டிருக்கிறான் என்று பட்டு, கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். உள்ளே தள்ளிவைத்திருந்த இரண்டு பெரிய டப்பாக்கள் கைக்கு வந்தன. ஒன்று காலி, ஒன்றில் பாதி.

“என்னங்க இது?”

“ஜிம்முக்குப் போற ஃபிரெண்டு கொடுத்தான். ஒரு நாளைக்கு நாலு தடவை கலக்கிக் குடிச்சேன். உன் ஒரு முட்டையை வெச்சுக்கிட்டு நான் எந்தக் காலத்துல ஃபிரிட்ஜ் தூக்குறது?”

அவள் டப்பாக்களை அப்படியே விட்டு எழுந்தாள். அவன் கைலியை மாற்றிவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

இருந்த பாதி கிட்னியும் கைவிட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், அதுவும் ஆயுசுக்கும் என்றார்கள். ஊசி குத்திய கையை அசைக்காமல் படுத்திருந்தவன் அவளிடம் கேட்டான்: “மேஸ்திரிகிட்ட பேசி இன்னும் ரெண்டு வாரம் தவணை வாங்கேன்.”

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அவள் கம்பெனிக்குள் நுழைந்தாள். லாரியிலிருந்து ஒரு பீரோ இறங்கிக்கொண்டிருந்தது. முதுகு கொடுத்து இறக்கியவனை அவள் முன்பு பார்த்ததில்லை. மேஸ்திரி அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

“அவன் முதல் தடவை ஆஸ்பத்திரியில இருக்கும்போதே இந்த ஆளை எடுத்தாச்சும்மா. படுத்துக் கிடக்கிறவன் மனசு ஒடிஞ்சிடக் கூடாதேன்னுதான் ஆறு வாரம்னு ஒரு பேச்சுக்குச் சொல்லிவெச்சேன்.”

அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். சாயங்காலம் அவன் படுக்கையருகே உட்கார்ந்தபோது, “என்ன சொன்னாரு?” என்று அவன் தலையைத் தூக்கினான்.

“அவசரமில்லையாம். மெதுவா வரச் சொன்னாரு” என்றாள்.